ஓட்டல் சப்ளையருக்கு உண்மையில் சம்பளம் எவ்வளவு?

மதுரை மாட்டுத்தாவணி பக்கம் ஓட்டல் வாசல்களில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்திருப்பீர்கள். ‘சப்ளையர், க்ளீனர், பரோட்டா மாஸ்டர் தேவை. நல்ல சம்பளம். சாப்பாடு, தங்குமிடம் இலவசம்.’ கீழே ஒரு செல் நம்பர். எவ்வளவு சம்பளம் என்பது மட்டும் இருக்காது. போன் போட்டுக் கேட்டாலும், “நேர்ல வாங்க தம்பி, பேசிக்கலாம்” என்பார்கள்.

கொஞ்சம் ஒளிவுமறைவும் இருக்கலாம்தான். ஆனால் அது மட்டும் காரணமில்லை. பரிமாறுகிறவருக்குக் கிடைப்பது ஒரே தொகையாக வருவதில்லை. கையில் வாங்கும் காசு, வயிற்றுக்குச் சாப்பாடு, மேசையில் விட்டுப்போகும் டிப்ஸ், பெயரில் சேரும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) என்று அது பல இடத்தில் சிதறிக் கிடக்கிறது. அதையெல்லாம் கூட்டி, வேலை பார்த்த மணி நேரத்தால் வகுத்தால்தான் உண்மைச் சம்பளம் தெரியும். ‘மதுரையில் சப்ளையருக்கு நாளைக்கு இவ்வளவு’ என்று யாராவது ஒரே எண்ணாகச் சொன்னால், அதில் எது சேர்ந்திருக்கிறது, எது விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இரண்டு கடைகளை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. எந்தக் கடையின் சம்பளப் பட்டியலும் அல்ல.

முதலாவது, ராத்திரி பரோட்டாக் கடை. பிற்பகல் 2 மணிக்கு வந்தால் ராத்திரி 2 மணிக்குத்தான் ஷட்டரை இறக்குவார்கள். 12 மணி நேரம். நாள் சம்பளம் 700 ரூபாய், அன்றன்றைக்கே கையில். மாதம் 26 நாள் போனால் 18,200. வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது.

இரண்டாவது, கொஞ்சம் பெரிய சைவ ஓட்டல். மாதச் சம்பளம் 15,000. எட்டு மணி நேர ஷிப்ட், வாரம் ஒரு நாள் லீவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) உண்டு. பிடித்தம் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 13,087 ரூபாய்.

18,200 பெரிதா, 13,087 பெரிதா என்று டீக்கடையில் கேட்டால் எல்லோரும் பரோட்டாக் கடைக்குத்தான் கை தூக்குவார்கள். மணிக்கணக்கில் போட்டுப் பாருங்கள். முதல் கடையில் மாதம் 312 மணி நேர உழைப்பு. மணிக்கு 58 ரூபாய் சொச்சம். இரண்டாவதில் 208 மணி நேரம். 15,000-ஐ வகுத்தால் மணிக்கு 72 ரூபாய். முதலாளி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 488 இரண்டையும் சேர்த்தால் மணிக்கு 83 ரூபாய்க்குப் பக்கம் வரும்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சாதாரண வேலை. அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் ஓட்டல்களுக்கென்றே 1958-லிருந்து உணவு நிறுவனங்கள் சட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. வேலை நேரமும் வார விடுமுறையும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. அப்படியென்றால் பரோட்டாக் கடையின் 12 மணி நேரத்தை எட்டு சாதாரண மணியாகவும் நாலு இரட்டிப்பு மணியாகவும் பிரிக்க வேண்டும். மொத்தம் 16 பங்கு. 700-ஐ 16-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 43 ரூபாய் 75 பைசா. எட்டு மணி நேரத்துக்கு 350 ரூபாய். அதாவது சட்டப்படி பார்த்தால் அந்தக் கடையில் ஒரு நாள் கூலி 350-தான். மீதி 350 ஓவர்டைம். குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா என்று சரிபார்க்க, அரசு அறிவித்த தொகையோடு ஒப்பிட வேண்டியது இந்த 350-ஐ. 700-ஐக் காட்டி ‘நாங்க அதுக்கு மேலயே தர்றோமே’ என்று சொல்லும் முதலாளிகள் இந்த வகுத்தலைப் போடுவதில்லை. வேலை பார்க்கிறவர்களும் போடுவதில்லை என்பதுதான் வருத்தம்.

அதற்காகப் பரோட்டாக் கடைக்கு யாரும் போகக் கூடாது என்று சொல்லவில்லை. கையில் ரொக்கமாக 5,000 ரூபாய் கூடுதலாக வந்தால்தான் வட்டி கட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு மணிக்கணக்கு சோறு போடாது. எதை வாங்குகிறோம், எதை விடுகிறோம் என்று தெரிந்து போனால் சரி.

குறைந்தபட்சக் கூலியை யார் சொல்வது?

மாநில அரசு. 1948-ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் அரசு ஒரு தொழில் பட்டியல் வைத்திருந்தது; ஓட்டல் தொழில் அதில் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. இப்போது பட்டியலில் இருக்கிற தொழில், இல்லாத தொழில் என்ற பாகுபாடு இல்லை; எல்லா வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு.

தொகைக்கு இரண்டு பாகம். ஒன்று அடிப்படைச் சம்பளம். இதை அரசு சில வருடங்களுக்கு ஒருமுறைதான் மாற்றும். மற்றது பஞ்சப்படி. சென்னை நகர விலைவாசிக் குறியீட்டை வைத்து இதை வருடா வருடம் ஏப்ரல் 1-ஆம் தேதி கூட்டுவார்கள். அதனால் ‘போன வருஷம் இதுதான் ரேட்டு’ என்பது இந்த வருடத்துக்குப் பதிலாகாது. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாலேயே எண் மாறியிருக்கும். புதிய எண் மதுரையில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கிடைக்கும். கேட்பதற்குக் காசு கிடையாது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கடை திறந்திருந்தால் வேலை பார்த்தவருக்கு இரட்டிப்புச் சம்பளமோ, சம்பளத்தோடு மாற்று விடுமுறையோ தர வேண்டும். ‘விடுமுறை அளிக்காத உணவகங்கள் மீது நடவடிக்கை’ என்று இந்த நாட்களை ஒட்டிப் பேப்பரில் வரும் செய்தி இதுதான்.

பிடித்தம் என்ற பெயரில் சேர்வது

பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் அதிகம். 2025 நிலவரப்படி 20 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில், மாதம் 15,000 வரை வாங்குகிறவருக்கு இது கட்டாயம். உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். முதலாளி கட்டும் அந்த 12 சதவீதத்தில், சம்பளத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். கடை மாறினாலும் யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண் மாறாது. பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று அந்த எண்ணை வைத்து உமங் செயலியில் நீங்களே பார்க்கலாம். அதைப் பார்க்காமல் விடுவது, பேங்கில் கட்டச் சொல்லிக் கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்காமல் இருப்பது போலத்தான்.

இந்தத் தொழிலுக்கு பி.எஃப்.பை விடப் பெரியது இ.எஸ்.ஐ. என்பது என் கணிப்பு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடை, மாதச் சம்பளம் 21,000 வரை என்றால் இது உண்டு. உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், 15,000-க்கு 113 ரூபாய். முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். மதியப் பந்தி நேரத்தில் ஓட்டல் தரையைப் பாருங்கள். சிந்திய ரசத்தின் மேல் ஈரத்துணி போட்டு இழுத்திருப்பார்கள். அது காய்வதற்குள் ஒருவர் கொதிக்கிற சாம்பார் வாளியோடு நடக்க வேண்டும். வழுக்கி விழுந்து கை ஒடிந்தாலோ காலில் கொட்டிக்கொண்டாலோ, சிகிச்சை இலவசம் என்பது ஒரு பக்கம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் பணமாகவும் வரும். சாதாரண காய்ச்சல், மஞ்சள் காமாலை என்றால் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. இ.எஸ்.ஐ. இல்லாத கடையில் இதே விபத்து நடந்தால் முதலாளியின் நல்ல மனசை நம்பி இருக்க வேண்டியதுதான். நல்ல மனசுக்காரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை.

ஒன்பது பேரை மட்டும் ஏட்டில் காட்டிவிட்டு, மீதிப் பேரை ‘வந்து போற பசங்க’ என்று சொல்லும் கடைகள் ஏன் இருக்கின்றன என்பது இப்போது புரிந்திருக்கும்.

போனஸ் 8.33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தீபாவளிக்கு வேட்டி சட்டையும் ஸ்வீட் பாக்ஸும் கொடுப்பது மரியாதை, அது போனஸ் இல்லை. பணிக்கொடை என்பது ஐந்து வருடம் ஒரே இடத்தில் இருந்தால் வருவது. வருடத்துக்கு 15 நாள் சம்பளம். 15,000 வாங்குகிறவருக்கு ஐந்து வருடத்தில் 43,000 சொச்சம். ஆனால் ஐம்பது ரூபாய் கூடக் கிடைத்தால் எதிர்க்கடைக்குப் போய்விடும் தொழிலில் அந்த ஐந்து வருடத்தை எட்டுகிறவர்கள் குறைவு.

டிப்ஸ் யாருடையது?

முன்பெல்லாம் பில்லைச் சோம்புத் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். மீதிச் சில்லறையில் பத்தோ இருபதோ தட்டிலேயே கிடக்கும். அது சப்ளையருக்கு. சில கடைகளில் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு ராத்திரி பங்கு பிரிப்பார்கள். க்ளீனருக்கும் அதில் பங்கு உண்டு, அதுதான் நியாயமும்கூட. க்யூஆர் அட்டை வந்த பிறகு மீதிச் சில்லறை என்ற பேச்சே இல்லாமல் போய்விட்டது. 287 ரூபாய் பில்லுக்கு 287-தான் போகிறது. யாராவது மனமிரங்கி 300 போட்டாலும் அது முதலாளி கணக்குக்குப் போகிறது. டிப்ஸ் கொடுக்க நினைத்தால் ரொக்கமாகக் கையில் கொடுங்கள்.

பெரிய உணவகங்களில் பில்லில் வரும் சர்வீஸ் சார்ஜ் வேறு, ஜி.எஸ்.டி. வேறு. ஜி.எஸ்.டி. அரசுக்குப் போகிறது, பரிமாறியவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. சர்வீஸ் சார்ஜ் உணவகம் தானாகப் போட்டுக்கொள்வது. இதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்லலாம். எடுக்க மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். ஆனால் அந்தத் தொகையைப் பணியாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஓட்டல்களும் உண்டு என்பதால், எடுக்கச் சொன்ன கையோடு பரிமாறியவருக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வருவது நல்லது.

சம்பளத்தில் கழிப்பது

கொடுப்பதைப் பேசினோம், பிடுங்குவதையும் பேச வேண்டும். எட்டாம் நம்பர் மேசையில் நாலு பேர் சாப்பிட்டுவிட்டு, கை கழுவப் போன சாக்கில் அப்படியே நழுவிவிட்டார்கள். 640 ரூபாய் பில். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர், “உன் டேபிள்தானே, உன் கணக்குல எழுதிக்கிறேன்” என்கிறார். பல கடைகளில் இது எழுதாத விதி. சட்டத்தில் இப்படி இல்லை. உங்களிடம் ஒப்படைத்த பொருளோ பணமோ உங்கள் கவனக்குறைவால் நஷ்டமாகியிருந்தால்தான் பிடிக்கலாம். அதுவும் உங்கள் தரப்பைக் கேட்ட பிறகு. வாடிக்கையாளர் செய்த ஏமாற்று வேலை சப்ளையரின் கவனக்குறைவு ஆகிவிடாது. உடைந்த கிளாசுக்கும் இதே நியாயம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்தால்கூட அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

அட்வான்ஸ் இன்னொரு தினுசு. சேரும்போதே இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுப்பார்கள். தங்கச்சி கல்யாணம், அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஏதோ ஒரு அவசரத்தில் வாங்கிவிடுவோம். அது சம்பளம் இல்லை, கடன். கடன் தீரும்வரை வேறு கடைக்குப் போக முடியாது, சம்பளம் கூட்டிக் கேட்கவும் வாய் வராது. அட்வான்ஸ் பெரிதாகப் பேசுகிற கடையில் நாள் கூலி எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் மாதம் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டு நின்றால் பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் கைக்கு வர வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. ‘அடுத்த மாசம் பத்தாம் தேதி வா’ என்பது செல்லாது.

ஒரே வேலை, வேறு வேறு இடம்

மெஸ்ஸில் பரிமாறுகிறவருக்கு மதியம் 12 முதல் 4 வரை உயிர் போகிற வேலை, அப்புறம் ஓய்வு. பெரிய சைவ ஓட்டலில் காலை டிபனுக்கு 6 மணிக்கே நிற்க வேண்டும், 11 மணிக்கு மேல் கொஞ்சம் மூச்சு விடலாம், மதியச் சாப்பாடு முடிந்து 3 மணிக்கு மாடி அறையில் பாய் விரித்தால் 5 மணிக்கு எழுப்பிவிடுவார்கள். ஒரு நாளையே துண்டு துண்டாக வெட்டியது மாதிரி இருக்கும். நடுவில் வரும் இடைவெளியில் வேறு வேலைக்கும் போக முடியாது, உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருக்கிற வீட்டுக்கும் போய் வர முடியாது. ‘வேலை எட்டு மணி நேரம்தான்’ என்று சொன்னால், அது எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று சேர்த்துக் கேளுங்கள்.

சாப்பாடு, தங்குமிடம் இலவசம் என்பதும் ஆளைப் பொறுத்தது. வெளியூரிலிருந்து தனியாக வந்த இளைஞருக்கு அது வாடகையும் மெஸ் காசும் மிச்சம். வீட்டுக்குப் போய் வரும் குடும்பஸ்தருக்கு அவர் ஒருவர் வயிறு நிறைகிறது, அவ்வளவுதான்.

கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாற வரும் கல்லூரிப் பசங்களுக்கு ஒரு வேளைக்கு இவ்வளவு என்று கணக்கு. முகூர்த்த நாளில் ஆள் கிடைக்காமல் அலைவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் வேலையே இருக்காது. மேலும் கேட்டரிங் முதலாளிக்கும் பசங்களுக்கும் நடுவில் ஆள் கூட்டி வருகிற அண்ணன் ஒருவர் இருப்பார். மண்டபத்தில் பேசிய தொகைக்கும் கையில் வரும் தொகைக்கும் உள்ள வித்தியாசம் அவருடையது.

ஆஸ்பத்திரி கேன்டீன், மில் கேன்டீன்களில் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வைத்த ஆட்கள்தான் பரிமாறுகிறார்கள். ஒப்பந்தக்காரர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால் அந்த நிறுவனமே கொடுத்தாக வேண்டும். பலருக்கு இது தெரியாது. நட்சத்திர ஓட்டல்களில் ஆரம்பச் சம்பளம் பளபளப்பைப் பார்த்து நாம் நினைக்கிற அளவு இருப்பதில்லை. ஆனால் கேப்டன், மேனேஜர் என்று ஏறுவதற்குப் படி இருக்கிறது.

படி என்றால் இங்கே இன்னொரு பழைய வழியும் உண்டு. திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டி முனியாண்டி விலாஸ் ஓட்டல்களின் பூர்வீகம். சொந்தக்காரர் கடையில் இலை எடுக்கப் போய், பரிமாறிப் பழகி, கல்லாவில் உட்கார்ந்து, கடைசியில் வேறு ஊரில் தனிக்கடை போட்டவர்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் ஏராளம். சம்பளம் குறைவாக இருந்தாலும் தொழில் கையில் ஏறியது. இன்றைக்கு அந்த இடத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் தமிழ் பேசிப் பழகிப் பரிமாறுகிறார்கள். அவர்களுக்கும் அதே குறைந்தபட்சக் கூலிதான். எந்த ஊர்க்காரர் என்று பார்த்துக் கூலி குறைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆண், பெண் பார்த்தும் இல்லை.

மதுரையை விட்டு வெளியே போனால் கணக்கு இன்னும் மாறும். சென்னையில் நாள் கூலி கூட, அறை வாடகையும் கூட. கொடைக்கானலில் கோடை சீசனுக்கு ஒரு சம்பளம், மழைக்காலத்துக்கு ஒரு சம்பளம். அமெரிக்காவில் அடிப்படையே வேறு. அங்கே மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009 முதல் மாறவில்லை. ஆனால் டிப்ஸ் வாங்கும் வேலை என்றால் முதலாளி கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். இது 1991 முதல் அப்படியே நிற்கிறது. மீதி டிப்ஸில் வர வேண்டும், வராவிட்டால்தான் முதலாளி ஈடுகட்ட வேண்டும். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் இந்தச் சலுகை முதலாளிக்கு இல்லை. அமெரிக்க அரசு வெளியிடும் சப்ளையர் சம்பளப் புள்ளிவிவரத்தில் டிப்ஸும் சேர்ந்தே இருக்கும். அந்த டாலரை ரூபாயாக்கி, டிப்ஸ் சேராத நம் ஊர்ச் சம்பளத்தோடு வைத்து வாயைப் பிளப்பதில் அர்த்தமில்லை.

சராசரி என்று வரும் எண்ணிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு ஓட்டலில் நாலு சப்ளையர்களுக்குத் தலைக்கு 14,000, கேப்டனுக்கு 34,000 என்று வையுங்கள். சராசரி 18,000. அந்த 18,000-ஐ வாங்குகிறவர் அந்த ஓட்டலிலேயே யாரும் இல்லை. சம்பளத்தை வரிசைப்படி நிறுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 14,000. சேரப் போகிறவருக்கு உதவும் எண் அதுதான்.

வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் பத்தாம் வகுப்பு தேறவில்லை என்றால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை இருக்கும். அங்கே போவதற்கு முன் இந்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு வேலை ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். அந்தத் தாளில் அடிப்படைச் சம்பளம் தனியாக, சாப்பாட்டுப் படி தனியாக, ஓவர்டைம் தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே ஏஜென்டிடம் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.